பெட்ஃபோர்டு சிறையில் விழுந்த விதை

நெய்வேலியில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். வந்த புதிதில் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரம் அடுத்து வருகிறவருக்கு. இந்த வீடு நமதில்லை என்பது இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதனால்தானோ என்னவோ, ஊரில் புத்தகக் கண்காட்சி வரும்போதெல்லாம் நண்பர்களிடம் ஒரு நூலைத் தேடச் சொல்கிறேன்: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. பூமியில் நாம் வழிப்போக்கர்கள் என்பதை இத்தனை விரிவாகப் பாடிய தமிழ்க் கிறித்தவ நூல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதன் விதை விழுந்தது இங்கிலாந்தில். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக ஜான் பனியன் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தார். 1678-இல் வெளியான அவருடைய கதையில், அழியப்போகும் ஊரைவிட்டு ஒருவன் முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிறான். வழியில் ஒரு சந்தை. வீடு, பட்டம், பதவி, சிற்றின்பம் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். அதைத் தாண்டாமல் மோட்ச நகரத்துக்குப் போக முடியாது. கடைசியில் பாலமில்லாத ஆறு. அதுதான் மரணம். அவ்வளவு தூரம் விசுவாசத்தோடு நடந்தவனே அதில் தத்தளிக்கிறான். உடன் வந்தவன் தலையைத் தூக்கிப் பிடிக்கிறான். சாவின் முன் நல்லவனுக்கும் நடுக்கம் வரும் என்று ஒளிக்காமல் சொன்னதாலேயே இந்தக் கதையை நம்ப முடிகிறது.

கிருஷ்ண பிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் ஒலித்த வீடு. சாயர்புரத்தில் மிஷனரிகளிடம் தமிழாசிரியரானார். தம்பி முத்தையா பிள்ளை முதலில் கிறித்தவரானார். 1858-இல் சென்னையில் அண்ணனும் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனை மட்டும் அவர் கைவிடவே இல்லை. பனியனின் உரைநடைக் கதையைப் படலம் படலமாகக் காப்பியமாக்கினார். பாளையங்கோட்டை ‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவங்கள், 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள், இடையிடையே ‘தேவாரம்’ என்றே பெயரிட்ட, உருக வைக்கும் பக்திப் பாடல்கள்.

இதை வெறும் மொழிபெயர்ப்பு என்பவர்கள் குமார பருவத்தைப் படித்திருக்க மாட்டார்கள். பனியனின் யாத்திரிகன் சிலுவையைக் கண்டதும் சுமை கழன்று உருண்டுபோகிறது. சில வரிகளில் முடிந்துவிடும். பிள்ளைக்கு அது போதவில்லை. யாத்திரையை நிறுத்திவைத்து, இயேசுவின் பாடுகளைக் கண்ணீரோடு விரித்துப் பாடுகிறார். நமக்கு முன்பே ஒருவர் அந்த ஆற்றில் இறங்கிக் கடந்தார் என்று காட்டாமல் மறுமையைப் பற்றி எவ்வளவு பாடினாலும் சாகப்போகிறவன் மனம் தேறாது. காப்பியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1900-இல் பிள்ளை காலமானார். புதிதாகப் படிப்பவர்கள் முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். குமார பருவத்தில் தொடங்குங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.