கேட்போர் சீட்டும் பாடுவோர் ஏடும்

மீலாது மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி மேடையை அடைகிறது. அதில் ஒரு பாட்டின் முதலடி. கீழே கேட்டவரின் பெயரும் தெருவும். சில வேளைகளில் குண்டூசியில் குத்திய ஒரு ரூபாய்த் தாள். பாடுபவர் அதனை ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்கிறார்.

இக்காட்சியைக் காணாத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் அரிது. ஆயினும், அந்தச் சீட்டுக்கு ஒரு வரலாறு உண்டென்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பாடுவோர் நூற்றுக்கணக்கான பாட்டுகளை எவ்வாறு போற்றி வைத்திருந்தனர்? கேட்போரின் விருப்பம் அப்பாட்டுகளுள் எவற்றை வாழவைத்தது, எவற்றை மடியவிட்டது? இவ்விரண்டுமே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அரபகம் தரும் மூன்று செய்திகள்

முதற்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் ஒரே வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்ற ஷரீத் (ரலி) அவர்களிடம், உமைய்யா இப்னு அபிஸ்ஸல்த்தின் கவிதைகளுள் ஏதேனும் நினைவில் உண்டா என்று நபியவர்கள் வினவினார்கள். உண்டென்றதும் சொல்லப் பணித்தார்கள். ஓரடி சொன்னதும் மேலும் சொல்லக் கேட்டார்கள். அதன்பின் இன்னும் கேட்டார்கள். இவ்வாறு நூறு அடிகள் ஓதப்பெற்றன. கேட்பவர் ஆவலுடன் கேட்டால் ஓதுபவரின் நெஞ்சில் உறங்கிக் கிடப்பது எவ்வளவு வெளிவரும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஹம்மாத் அர்ராவியாவின் கதை. ‘ராவி’ என்பார் பிறர் கவிதைகளை மனனம் செய்து ஓதுபவர். அரபி எழுத்து ஒவ்வொன்றிற்கும் நூறு நெடுங்கவிதைகள் தமக்கு மனப்பாடம் என்று ஹம்மாத் உமையாக் கலீஃபா வலீது இப்னு யஸீதிடம் கூறினார். கலீஃபா சோதிக்கத் தொடங்கிக் கேட்டுக் களைத்துப்போய், மீதியைக் கேட்க வேறொருவரை அமர்த்திவிட்டு எழுந்து சென்றார் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி. ஆனால் இதே ஹம்மாதின் மீது பிற்கால அறிஞர்கள் ஒரு குறையும் கூறினர். தம் சொந்த அடிகளைப் பழங்கவிஞர்களின் பெயரால் புகுத்திவிட்டார் என்பதே அக்குறை. எதைக் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, இல்லாததைக் கேட்கும்போது இல்லை என்று சொல்வது கடினமாகிவிடுகிறது.

மூன்றாவது செய்தியே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கலீஃபா ஹாரூன் ரஷீது (ஆட்சி 786–809) தம் அவைப் பாடகர்களான இப்ராஹீம் அல்மவ்ஸிலீ, இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் ஆகியோரை அழைத்து, அன்று வழங்கிய பாட்டுகளுள் சிறந்த நூற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பின்னர் அந்நூற்றுள் பத்து, அப்பத்தினுள் மூன்று. கேட்போரின் விருப்பம் எப்போதும் இவ்வாறுதான் குறுகுகிறது. ஆனால் அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ (897–967) ‘கிதாபுல் அகானீ’ என்னும் பாட்டுநூலை எழுதத் தொடங்கியபோது, அம்மூன்று பாட்டுகளை வாசலாகக் கொண்டு உள்ளே புகுந்து, பாடியோர், புனைந்தோர், கேட்டோர் என ஓர் உலகையே இருபதுக்கு மேற்பட்ட பாகங்களில் விரித்துவிட்டார். எந்த விரல் நரம்பில் படவேண்டும், தாளம் எது என்றுகூடக் குறித்தார். சொற்கள் இன்றும் உள்ளன, இசையோ போய்விட்டது. அக்குறிப்பைக் கண்டு பாடிக் காட்ட இன்று எவருமிலர்.

மானாவாரி மண்ணின் மேடை

அரபகத்திலிருந்து நம் மண்ணுக்கு வருவோம். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த நாடு வானம் பார்த்த நாடு. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களைவிட மணல் காயும் நாட்களே மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் விதைப்பர். அருப்புக்கோட்டையிலோ தறிச் சத்தம். 1985ஆம் ஆண்டு வரை இவை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன.

இங்குப் பாட்டுக்கும் பருவமுண்டு. அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் கோயிற்கொடைகளில் நாடகங்கள் நடக்கும். அவை சூரிய மாதத்தை ஒட்டியவை. கந்தூரியும் மீலாதும் பிறைக்கணக்கை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னோக்கி நகர்பவை. ஆகவே ஓராண்டு கதிர் முற்றும் காலத்தில் வரும் கந்தூரி, சில ஆண்டுகளில் உழவு நாளுக்கு வந்துவிடும். மழை பொய்த்தால் இரண்டும் சுருங்கும். பாடிப் பிழைப்பவர் பஞ்சாங்கம், பிறை, மேகம் ஆகிய மூன்றையும் பார்த்தே ஆண்டைக் கடத்தவேண்டும்.

இப்பகுதி மக்களின் காதைப் பழக்கியது ‘ஸ்பெஷல் நாடகம்’. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த நாடகங்களை, வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்றுதான் வந்து கூடிய நடிகர்கள் ஒத்திகையின்றி விடிய விடிய நடத்துவர். எவர் எச்சுருதியில் பாடுவார், எப்பாட்டை நீட்டுவார் என்பதையெல்லாம் பின்பாட்டும் ஆர்மோனியமும் பாடுபவர் ஏற்றிவரும் இரயில்பெட்டிபோல் இழுத்துச் செல்லவேண்டும். அந்த ஆர்மோனியக் கட்டைகளில் விரல் வைத்தவர்களுள் நம் சமுதாயத்தவரும் இருந்தனர். ஒரே ஆள் முந்தின இரவு வள்ளி திருமணத்திற்கு வாசித்துவிட்டு, மறுநாள் கந்தூரியில் குணங்குடி மஸ்தான் சாகிபுக்கு (1792–1838) சுருதி பிடிப்பது இங்கு வியப்பன்று.

கேட்போரின் விருப்பம் எவ்வளவு வலியது என்பதையும் இம்மேடையே காட்டிற்று. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்தில் நிற்கும்போதே மக்கள் தேசியப் பாட்டைக் கேட்பர். மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய, வெள்ளையரைக் கொக்காக உருவகித்த பாட்டு அவற்றுள் ஒன்று. கீழே காவலர் காத்திருப்பதைக் கண்டும் அவர் பாடினார். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் மயில்மீது வீற்றிருந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது. சபை கேட்டதைப் பாடுவதன் விலை சில காலங்களில் ஒரு ரூபாய்த் தாள். சில காலங்களில் சிறைவாசம்.

இசைமுரசின் இரண்டு மேடைகள்

நம் சமுதாயத்தில் இக்கலையின் பேரெடுத்துக்காட்டு இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீஃபா அவர்கள். 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்து நாகூரில் வளர்ந்து, 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தவர். முறையாக இசை பயின்றவரல்லர். உச்சத்தில் நின்றும் உடையாத குரலே அவரது மூலதனம். புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம், ஆர். அப்துல் சலாம் முதலியோரின் பாட்டுகள் அக்குரலால் வீடுதோறும் சென்றன.

அவருக்கு இரண்டு மேடைகள் இருந்தன. ஒன்று மீலாது, கந்தூரி, நிக்காஹ் மேடை. மற்றொன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடை. குரல் ஒன்றே, பாட்டுக் கிடங்குகள் இரண்டு. ‘குலேபகாவலி’ (1955), ‘பாவமன்னிப்பு’ (1961) ஆகிய படங்களிலும் அவர் குரல் ஒலித்ததால் திரைப்பாட்டு கேட்போரும் சேர்ந்துகொண்டனர். இறைவனிடம் கையேந்துமாறு அழைக்கும் அப்துல் சலாமின் பாட்டோ மத வேலிகளைத் தாண்டி எல்லா மக்களும் கேட்கும் பாட்டாயிற்று. ஒரு பாட்டுக்கு இதனினும் பெரும்பேறு இல்லை. ஆயினும் ஒரு பாட்டு அவ்வளவு புகழடையும்போது, அதன் நிழலில் நூறு பாட்டுகள் அறியப்படாமற் போவதும் உண்டு.

இலங்கை வானொலியின் நேயர் விருப்பமும், பின்னர் ஒலிநாடாவும் இதனை விரைவுபடுத்தின. முன்பு ஒரு பாட்டை ஊருக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் பாடினர். ஒலிநாடா வந்தபின், அதிலிருப்பதுபோலவே பாடவேண்டும் என்று கேட்போர் எதிர்பார்த்தனர்.

நோட்டுப் புத்தகத்தின் ஒழுங்கு

இனி, பாடுவோர் இப்பெருஞ்சுமையை எவ்வாறு ஆண்டனர் என்பதைக் காண்போம். நாம் பழகிய கரிசற்காட்டுப் பாடகர்கள் பலரிடம் தடித்த அட்டையிட்ட பாட்டு நோட்டு ஒன்று இருந்தது. அது அகரவரிசையில் இராது. பிறப்பு, சுன்னத், நிக்காஹ், கந்தூரி, மீலாது, மௌத்து என்று வைபவ வரிசையில் இருக்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் முதலடி, சுருதிக்கட்டை, தாளம், மெட்டு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருக்கும். முதலடி கிடைத்தால் மற்ற அடிகள் தாமே வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

மனனத்தைக் காக்கும் வழி, ஹாஃபிழ்கள் கைக்கொள்ளும் வழியேயாகும். அன்றாடம் ஒரு புதுப்பாடம். அண்மையில் படித்தது ஒரு சுற்று. பழம்பாடத்தில் ஒரு பகுதி. பழம்பாடத்தை விட்டவரின் நெஞ்சிலிருந்து அது கயிறவிழ்ந்த ஒட்டகம்போல் ஓடிவிடும். பாடகருக்கும் இது பொருந்தும். சபை கேளாத பாட்டைத் தாமாகத் தனிமையில் பாடிப் பாராதவர், ஐந்தாண்டில் அதனை இழந்துவிடுவார்.

சீட்டுகளை ஆள்வதற்கும் ஓர் அதபு உண்டு. வந்த வரிசையில் பாடமாட்டார்கள். ஒரே பாட்டுக்கு வந்தவற்றைச் சேர்த்து, கேட்ட அனைவரின் பெயரையும் ஒருமுறை சொல்லி ஒரே முறை பாடுவர். தொண்டை இளகும்வரை நடுச்சுருதிப் பாட்டு, உச்சிப் பாட்டு நடுவில், இறுதியில் மென்மையானது. நிக்காஹ் வீட்டில் ஒருவர் கர்பலாப் பாட்டைக் கேட்டால், சீட்டைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, கேட்டவரைத் தனியே கண்டு ஸலாம் சொல்லிவிடுவர். இமாம் கஸ்ஸாலீ (1058–1111) தம் ‘இஹ்யா’வில் இசை கேட்பதற்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும் என்னும் ஜுனைத் பக்தாதீயின் கருத்தை எடுத்தோதுகிறார். அந்நூலைக் கண்ணாற் காணாத நம் நாட்டுப் பாடகர்கள் அம்மூன்றையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு. கேட்கப்பட்ட இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், எவரும் கேளாத ஒரு பழம்பாட்டை மெல்லச் செருகுவர். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று தமிழுக்கு முஸ்லிம்கள் வழங்கிய இலக்கிய வகைகளின் அடிகள் மக்கள் காதில் இருந்ததற்கு இச்செருகலும் ஒரு காரணம்.

நாம் செய்த பிழை

இவ்விடத்தில் நம் சொந்தக் கதையொன்றைச் சொல்லாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது. 1990களின் நடுவில் நம்மூர் மீலாது மேடையில் சீட்டுகளை வாங்கி ஒழுங்குபடுத்தும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. பாடியவர் திருச்சுழிப் பக்கத்து முதியவர். அவர் நோட்டில் நானூறுக்கு மேற்பட்ட பாட்டுகள். அன்று வந்த சீட்டுகளோ ஒரு பத்துப் பன்னிரண்டு பாட்டுகளையே திரும்பத் திரும்பக் கேட்டன.

நள்ளிரவு தாண்டியதும் அவர் நம் பக்கம் குனிந்து, “அஸரத், கடைசியா ஒரு முனாஜாத்து வச்சுக்கிறட்டுமா? எங்க அத்தா பாடினது. பாடி ரொம்ப நாளாச்சு” என்றார். நம் கையில் இன்னும் இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டும் விழாவுக்குப் பணம் தந்தவர்களுடையவை. “அடுத்த வருசம் வச்சுக்குவோம், பெரியத்தா” என்றோம். அவர் சிரித்துவிட்டு நாம் நீட்டிய சீட்டைப் பாடினார்.

அடுத்த மீலாதுக்கு அவர் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மகனார் அந்த நோட்டை நம்மிடம் கொடுத்தார். முனாஜாத்து முழுவதும் தெளிந்த எழுத்தில் இருக்கிறது. தலைப்பில் தாளம் இருக்கிறது. மெட்டு என்ற இடத்தில் ஒரு பழைய நாடகப் பாட்டின் இரண்டு சொற்கள் மட்டும் உள்ளன. நம் பழைய இசைப்பா நூல்கள் பலவும் இவ்வாறே மெட்டைப் பிறிதொரு பாட்டால் குறித்தன. அன்று அது எல்லார்க்கும் தெரிந்த பாட்டு. இன்று அந்த நாடகப் பாட்டும் போயிற்று. ஆர்மோனியம் வாசித்த முதியவர்கள் இருவரைத் தேடிச்சென்று கேட்டோம். இருவரும் பாடிக் காட்டினர். இரண்டும் இருவேறு இசையாக இருந்தன.

கிதாபுல் அகானீயை நாம் மாணவராய் இருந்தபோது புரட்டியதுண்டு. விரலும் தாளமும் குறித்த அவ்வரிகளை வெறும் சொல்லாகக் கடந்து சென்றோம். அவை எத்தகைய இழப்பின் கல்வெட்டுகள் என்பது, இந்த நோட்டைக் கையில் வைத்திருக்கும்போதுதான் விளங்கிற்று.

இப்போது நாம் இரண்டு காரியங்கள் செய்கிறோம். நம்மிடம் ஓதும் பிள்ளைகளை, தத்தம் வீட்டு நன்னிமார் பாடும் தாலாட்டையும் முனாஜாத்தையும் கைபேசியில் பதிந்து வரச் சொல்கிறோம். பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதிவைக்கிறோம். மற்றொன்று, எந்த மேடைக்குச் சென்றாலும் ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறோம். அதில் எவரும் கேளாத ஒரு பழம்பாட்டின் முதலடி இருக்கும். பெரும்பாலும் அது “தெரியாதுங்க” என்னும் விடையோடு திரும்பி வருகிறது. அந்த நேர்மைக்காக நாம் அவர்களை மதிக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு கந்தூரியில் அவ்வாறு திரும்பியபோது, பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் அப்பாட்டின் இரண்டாம் அடியைப் பாடிற்று. மேடையில் இருந்தவர் ஒலிபெருக்கியை அத்திரையின் பக்கம் திருப்பி வைத்தார்.