போக்கர்: ஆள் குறைந்தால் அதே சீட்டுக்கு மதிப்பு கூடுவது ஏன்?

உங்கள் கையில் ஓர் ஏஸ், ஒரு 7. இரண்டும் வேறு வேறு சின்னம். மேசையில் 10 பேர். முதல் ஆளாகப் பேச வேண்டியவர் நீங்கள் என்றால், விவரம் தெரிந்தவர்கள் "பேசாமல் கீழே போடு" என்பார்கள். அதே சீட்டு, மேசையில் 3 பேர் மட்டும். இப்போது அதே ஆட்கள் "பந்தயத்தை உயர்த்து" என்பார்கள்.

சீட்டு மாறவில்லை. அப்போ என்னதான் மாறியது?

இங்கே சொல்வது லிமிட் டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டு. படங்களில் வருவதுபோல் மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளி எதிராளியை மிரட்டும் வேலை இதில் நடக்காது. உயர்த்தும் தொகை முன்பே முடிவானது. முதல் இரண்டு சுற்றில் 2 சிப் என்றால் கடைசி இரண்டு சுற்றில் 4 சிப், அவ்வளவுதான். மிரட்டி விரட்ட முடியாத ஆட்டத்தில், எந்தச் சீட்டோடு உள்ளே இறங்குகிறீர்கள் என்பதுதான் முதல் முடிவு, பெரிய முடிவும்கூட.

காத்திருக்கவும் காசு வேணும்

சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். நம் கணக்கில் ஒருவர் 1 சிப், அடுத்தவர் 2 சிப். இந்த முறை மேசையைச் சுற்றி வரும். ஒரு முழுச் சுற்றுக்கு ஆளுக்கு 3 சிப் செலவு.

10 பேர் இருந்தால் அந்தச் செலவு ஓர் ஆட்டத்துக்கு 0.3 சிப். 6 பேர் என்றால் அரை சிப். 3 பேர் என்றால் முழுசாக 1 சிப். இருவர் மட்டும் என்றால் ஒன்றரை.

"ஜோடிச் சீட்டு வரட்டும், அதுவரை சும்மா இருப்போம்" என்று நினைக்கிறீர்களா? ஜோடி வருவது சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒருமுறை. அதற்குள் 10 பேர் மேசையில் உங்களுக்குச் சுமார் 5 சிப் போயிருக்கும். 3 பேர் மேசையில் 17 சிப் காலி. இரண்டு ஏஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை! பொறுமை நல்ல குணம்தான். சின்ன மேசையில் அதற்கு வாடகை அதிகம்.

அந்த ஏஸ், 7 கதைக்கு வருவோம். இதில் பெரிய ஆபத்து, இன்னொருவரிடமும் ஏஸ் இருந்து, அவருடைய மற்றச் சீட்டு உங்கள் 7ஐவிடப் பெரிதாக இருப்பது. உங்களுக்கு எதிராக 9 பேர் இருந்தால், அவர்களில் ஒருவரிடமாவது ஏஸ் இருக்கும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு. 5 பேர் என்றால் பாதிக்குப் பாதி. 2 பேர் என்றால் 23 விழுக்காடு. ஒருவர் மட்டும் என்றால் 12. மேசை சுருங்கச் சுருங்க அந்த 7 பெரிய குறையாகத் தெரியாது.

எது ஏறும், எது இறங்கும்?

ஏஸ், கிங் போன்ற பெரிய சீட்டுகளுக்கும் ஜோடிகளுக்கும் மதிப்பு ஏறும். ஒரே சின்னத்தில் 7-6 போன்ற சீட்டுக்கு இறங்கும். இது பலருக்குப் பிடிக்காத உண்மை, ஏன்னா பார்க்க அழகான சீட்டு அது. ஆனால் ஒரே சின்னச் சீட்டு இரண்டு கையில் இருந்தால், கடைசிச் சீட்டு வரை போனாலும் ஃபிளஷ் அமைவது சுமார் 6 விழுக்காடுதான். அமையும்போது நாலைந்து பேர் பணம் கட்டிக்கொண்டிருந்தால் லாபம். ஒரே ஒருவர் இருந்தால் என்ன கிடைக்கும்?

ஆகவும் மோசமான சீட்டுகூட மாறிவிடும். பெரிய மேசையில் சின்னம் மாறிய 7-2தான் மோசம் என்பது வழக்கம். ஒரே ஓர் எதிராளி என்றால் 3-2 அதைவிட மோசம்.

உட்காரும் இடமும் முக்கியம். கடைசியாகப் பேசுபவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அவருக்கு முன் எல்லாரும் விலகியிருந்தால், வெறுமனே சமமாகக் கட்டுவதைவிட உயர்த்துவதே பெரும்பாலும் சரி. பிளைண்ட் வைத்த இருவரும் விலகினால் 3 சிப் அப்படியே கைக்கு வரும். பெரிய பிளைண்டில் இருப்பவரும் சுலபமாக விடக்கூடாது. நடுவில் 7 சிப் கிடக்கிறது, அவர் கட்ட வேண்டியது 2. ஆட்டத்தின் மற்றச் சுற்றுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 9இல் 2 முறை வென்றால் நட்டமில்லை.

இதையெல்லாம் யாராவது முழுசாகக் கணக்குப் போட்டிருக்கிறார்களா? இருவர் ஆட்டத்துக்கு, ஆம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு 2015இல் சைன்ஸ் சஞ்சிகையில் செஃபியஸ் என்ற நிரலை அறிவித்தது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஆடினாலும் அதன் குறையைக் கண்டுபிடித்து லாபம் பார்க்க முடியாத அளவுக்கு அது துல்லியம். டீலராக இருக்கும்போது செஃபியஸ் வெறுமனே சமமாகக் கட்டுவது அபூர்வம். ஒன்று உயர்த்தும், இல்லையென்றால் விலகும். மறுபக்கம் உட்கார்ந்தால், மனித வல்லுநர்கள் தூக்கிப்போடும் பல சீட்டுகளோடும் ஆடும். டீலர் இடத்துக்கான சாதகம் 100 ஆட்டத்துக்குச் சுமார் 9 பெரிய பிளைண்ட் என்பதும் அதில் தெரியவந்தது. ஆனால் இந்தத் தீர்வு இருவருக்கு மட்டும். 3 பேருக்கோ 6 பேருக்கோ இணையத்தில் உலவும் பட்டியல்கள் அந்த அளவு உறுதியானவை அல்ல.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: அதிகச் சீட்டோடு இறங்கினால் அதிகப் பணம் மேசையில் நிற்கும். ஏற்ற இறக்கமும் கூடும். சூதாட்டக் கூடத்தில் என்றால், ஆட்டத்துக்கு ஆட்டம் கூடம் எடுக்கும் கழிவும் உங்களிடமிருந்து அடிக்கடி போகும். சரியான சீட்டைத் தேர்ந்தெடுத்தவரும் அந்தக் கழிவால் நட்டத்தில் எழுந்துபோவது சாதாரணம்.

சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது?

2022இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, ஒருவரையொருவர் அறிந்த குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் ஆட விலக்கு உண்டு. ஏற்பாடு செய்பவர் அதில் கழிவோ கட்டணமோ எடுக்கக்கூடாது. இணையத்தில் ஆடினால் அந்த விலக்கு கிடையாது, நண்பர்களுக்குள் என்றாலும்! உரிமம் இல்லாத நடத்துநரிடம் பந்தயம் கட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி மறுபடி உட்காரும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668.