மயில்மேல் இருந்தவர்: விஸ்வநாததாஸின் மேடை

தமிழ் நாடக வரலாற்றை நம் பாடநூல்கள் சொல்லும் முறை ஒன்று உண்டு. பரிதிமாற் கலைஞர் வருவார். பம்மல் சம்பந்த முதலியார் வருவார். சங்கரதாஸ் சுவாமிகள் வருவார். எழுதியவர்கள் வரிசையாக வருவார்கள். நடித்தவர்களும் பாடியவர்களும் ஓரிரு வரிகளில் ஒதுங்கிவிடுவார்கள். அச்சில் இருப்பதே நாடகம் என்று கொள்ளும் இந்த முறையில் இடமிழந்தவர்களுள் முக்கியமானவர், சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ்.

அவரை நாம் அடியோடு மறந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகியிருக்கிறது. 'தியாகி' என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டும் விட்டது. அந்த அடைமொழியே அவருடைய கலையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டதோ என்பதுதான் என் ஐயம்.

விஸ்வநாததாஸ் பிறந்தது 1886 ஜூன் 16இல். அன்றைய சிவகாசியைப் பட்டாசு நகரமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல்தான். பட்டாசு அதற்கும் பிந்தியது. விருதுநகரும் அன்று விருதுபட்டி. வானம் பார்த்த பூமி. சாதிப் பகை புகைந்துகொண்டிருந்த வட்டாரம். 1899இல் கலவரத்தில் சிவகாசி எரிந்தபோது அவருக்குப் பதின்மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது.

அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில். முடிதிருத்துவது, வைத்தியம், பேறு பார்ப்பது, பல ஊர்களில் மங்கல இசை என்று பிறப்பு முதல் இறப்பு வரை ஊருக்கு வேண்டிய பணிகளையெல்லாம் செய்துவிட்டு, ஊரின் வரிசையில் கடைசியில் நிற்க வைக்கப்பட்ட குலம் அது. இசையைத் தொழிலாக ஏற்றுக்கொண்ட சமூகம், இசைத்தவரை மதிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த முரண் அவர் வாழ்வு முழுதும் தொடர்ந்தது.

அவர் புகழ்பெற்ற களம் 'ஸ்பெஷல் நாடகம்'. இன்றைய வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். நிலையான கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். சுவாமிகளின் பாடல்களும் வசனங்களும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அன்றிரவே விடிய விடிய நாடகம் நடக்கும். கதை மாறாது, ஆனால் கதைக்குள் இடைவெளிகள் உண்டு. தர்க்கத்தில் எதிராளியை மடக்கலாம். சுருதி சேர்ந்தால் புதிய பாட்டொன்றை நுழைக்கலாம். இசையறிவும் நடிப்பும் சமயோசிதமும் ஒருவரிடமே கூடியிருந்தால்தான் இந்த மேடையில் நிற்க முடியும்.

இந்த இடைவெளிகளையே விஸ்வநாததாஸ் அரசியல் மேடையாக்கினார். 'வள்ளி திருமணம்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நின்று பறவைகளை விரட்டுகிறாள். வேலன் வேடம் மாறி வருகிறான். பறவை ஓட்டும் அந்தக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வந்தால் கதைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெள்ளைக் கொக்கு யார் என்பது கொட்டகையில் மண்தரையில் அமர்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நாடு கடந்து வந்து மீனைக் கொத்திப் போகும் கொக்கை விரட்டச் சொன்னால் யாரை விரட்டச் சொல்கிறார் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டிய சங்கடம் காவல்துறைக்குத்தான்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கருப்பொருளைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் உள்ளுறை உத்தி நம் மரபில் ஊறியது. எழுத்தறியாத பார்வையாளர்களை வைத்துக்கொண்டு அதே உத்தியை ஓர் அரசுக்கு எதிராகத் திருப்பியதுதான் விஸ்வநாததாஸின் சாதனை. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற பாடலாசிரியர்களின் தேசியப் பாடல்களையும் அவர் மேடையேற்றினார். 1919இன் ஜாலியன்வாலா பாக் படுகொலை, செய்தித்தாள் எட்டாத கிராமங்களுக்கும் நாடகப் பாட்டாகச் சென்றடைந்த காலம் அது.

நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. ஆனால் அச்சிட்ட நாடகத்தைப் பரிசோதிக்கலாம். நள்ளிரவில் ஆர்மோனியம் எடுத்துக்கொடுக்கும் சுருதியில் முளைக்கும் பாட்டை எப்படி முன்கூட்டிப் பரிசோதிப்பது? ஆகவே பாட்டை விட்டுவிட்டுப் பாடியவரைப் பிடித்தார்கள். அவர் பலமுறை கைதானார்; சிறை சென்றார். நடிகருக்குச் சிறை என்றால் ஒப்புக்கொண்ட நாடகங்கள் போயின என்று பொருள். வருமானம் போய்க் கடன் வந்தது என்று பொருள்.

இதைவிடக் கசப்பான தடை மேடைக்குள்ளேயே இருந்தது. அவர் முருகனாக நிற்கும்போது, முடிதிருத்தும் குலத்தவரோடு ஜோடி சேர்வதா என்று வள்ளியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அந்த நடிகைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாடக மேடையேறிய பெண்களையும் சமூகம் அன்று இழிவாகவே நடத்தியது. தாழ்த்தப்பட்டவர் தமக்கும் கீழே ஒருவரைத் தேடுவதுதானே சாதியின் ஏற்பாடு. அவர் குரலில் முருகனைக் கேட்டு உருகிய கூட்டமும், அவர் குலத்தைக் கேட்டு விலகிய கூட்டமும் ஒரே கூட்டம்தான். தேசிய இயக்கத்தின் மேடையில் இருந்துகொண்டே இந்த அவமதிப்பையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. தியாகம் என்ற சொல்லை அவருக்குப் பயன்படுத்தும்போது சிறையை மட்டும் எண்ணுகிறோம். இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வயது 54. இந்த முடிவு எவரையும் உலுக்கும். அதனாலேயே அவரைப் பற்றிய பேச்செல்லாம் அந்த இரவிலேயே போய் நின்றுவிடுகிறது. அதற்கு முன்பிருந்த ஆயிரம் இரவுகளின் உழைப்பு பேசப்படுவதில்லை.

காரணம் தெளிவு. இலக்கிய வரலாறு நூலாசிரியரைத் தேடுகிறது. அவர் நாடகாசிரியர் அல்லர். இசை வரலாறு கச்சேரி மேடையைத் தேடுகிறது. அவர் பாடியது கொட்டகையில். விடுதலை வரலாறு சிறைக் கணக்கைத் தேடுகிறது. அது அவரிடம் இருக்கிறது, ஆகவே அங்கே மட்டும் இடம் கிடைத்தது. இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைப் போற்றுகிற நாம், மூன்றும் ஒருவரிடம் கூடியபோது அவரை எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியாமல் நிற்கிறோம்.

ஆண்டுதோறும் சிவகாசி அச்சகங்களிலிருந்து மயில்மேல் முருகன் காலண்டராக வீடுகளுக்கு வருகிறான். அந்தக் காலண்டர் ஓவிய மரபுக்கு வழிவகுத்த கோவில்பட்டி கொண்டைய ராஜு, முன்பு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். மேடைக்குக் கோலம் தீட்டிய கையே காலண்டருக்கும் கோலம் தீட்டியது. அந்த மேடையில் முருகனாக நின்று பாடியவருக்கு நாடக வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கமாவது ஒதுக்குவது தமிழ்த்துறைகளின் கடமை. அதுவும் விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளில் முதலில் தொடங்குவதே முறை.