எக்ஸ்-15

மனிதர் ஓட்டிய விமானங்களில் மிக வேகமானது எக்ஸ்-15 என்னும் அமெரிக்க ராக்கெட் ஆராய்ச்சி விமானம். 1967 அக்டோபர் 3 அன்று விமானி வில்லியம் 'பீட்' நைட் இதில் மணிக்கு 7,274 கி.மீ. வேகத்தை எட்டினார், ஒலியின் வேகத்தைப் போல் 6.7 மடங்கு (மேக் 6.7). சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் விண்வெளி ஓடம் இன்னும் வேகமாக வந்ததுண்டு. ஆனால் அது என்ஜின் அணைந்தபின் கீழே வரும் வேகம். இந்தக் கணக்கில் சேராது.

1947இல் சக் யேகர் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டினார். 1956இல் எக்ஸ்-2 விமானத்தில் மில்பர்ன் ஆப்ட் அதன் மூன்று மடங்கைக் கடந்தார். அதே பயணத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து அவர் உயிரிழந்தார். அதற்கு மேல் வேகம் கூட்டுவதற்கு, என்ஜின் விசையைவிடக் காற்று உரசலில் பிறக்கும் வெப்பமே பெரிய தடையாக நின்றது. அலுமினிய உடல் அதைத் தாங்காது.

1955இல் தயாரிப்புப் பணி நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட எக்ஸ்-15 இதற்காகவே பிறந்தது. உடலின் மேற்பரப்பு, 'இன்கோனெல் எக்ஸ்' என்னும் நிக்கல் கலப்பு உலோகத்தால் ஆனது. அம்மோனியாவும் திரவ ஆக்சிஜனும் எரிபொருள் தொகுதி. பி-52 குண்டுவீச்சு விமானம் இதை இறக்கைக்கு அடியில் சுமந்து சுமார் 13.7 கி.மீ. உயரத்தில் விடுவிக்கும். ராக்கெட் வழக்கமாக ஒன்றரை நிமிட அளவே எரியும். பிறகு விமானி என்ஜின் இன்றியே சறுக்கிவந்து, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகையில் இறங்க வேண்டும். காற்று மிக மெலிந்த உயரங்களில் வால் துடுப்புகள் பயன்படாது. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு பீய்ச்சும் சிறு உந்திகளே திசை திருப்பின.

மொத்தம் 3 விமானங்கள், 12 விமானிகள். 1959 ஜூனில் ஸ்காட் கிராஸ்ஃபீல்ட் முதலில் ஓட்டினார். 1961இல் ராபர்ட் வைட் ஒரே ஆண்டில் மேக் 4, 5, 6 ஆகிய மூன்று எல்லைகளையும் கடந்தார். 1963இல் ஜோ வாக்கர் சுமார் 108 கி.மீ. உயரம் சென்றார். நிலவில் பின்னாளில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் 7 முறை ஓட்டினார்.

நைட் ஓட்டியது, 1962 விபத்தில் சேதமடைந்து நீட்டிச் சீரமைக்கப்பட்ட இரண்டாம் விமானம். வெளிப்புற எரிபொருள் தொட்டிகளும், வெப்பத்தில் தானே கருகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் பூச்சும் சேர்க்கப்பட்டிருந்தன. அடித்துடுப்பில் சோதனைக்காக ராம்ஜெட் என்னும் ஜெட் என்ஜினின் மாதிரி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து எழுந்த அதிர்வலைகள் துடுப்பில் மோதிய இடத்தில் பூச்சும் தாங்கவில்லை, உலோகமும் உருகி ஓட்டை விழுந்தது. ராம்ஜெட் வழியிலேயே கழன்று விழுந்தது. நைட் பத்திரமாகத் தரையிறங்கினார். வேகச் சாதனையைவிட இந்த ஓட்டைகளே பொறியாளர்களுக்கு அதிகம் கற்பித்தன எனலாம்: ஒரு விமானத்தின் உறுப்புகள் எழுப்பும் அதிர்வலைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் வெப்பம் எப்படிக் குவியும் என்பதை அவை கண்முன் காட்டின. அந்த விமானம் அதன்பின் பறக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, மூன்றாம் விமானம் உயரத்தில் திசை விலகிச் சுழன்று நொறுங்கியதில் அதன் விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். 1968 அக்டோபரில் 199ஆவது பயணத்துடன் திட்டம் நிறைவுற்றது. என்ஜின் இல்லாமல் தரையிறங்கும் முறை விண்வெளி ஓடத்துக்கு உதவியது. எக்ஸ்-15 விமானி ஜோ எங்கிள் 1981இல் கொலம்பியா ஓடத்தின் தளபதியானார்.

ஜெட் என்ஜின் விமானங்களில் எஸ்ஆர்-71 1976இல் எட்டிய மணிக்கு 3,529 கி.மீ. இன்றும் உலகச் சாதனை. ஆளில்லா எக்ஸ்-43ஏ 2004இல் மேக் 9.6 வரை சென்றது. மனிதர் ஓட்டியதில் நைட்டின் வேகத்தை எந்த விமானமும் இதுவரை மிஞ்சவில்லை.