நக்சோஸ்

நக்சோஸ் கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் அமைந்துள்ள ஒரு தீவாகும். சிக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவான இதன் பரப்பளவு ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர். இதன் முதன்மை நகரமும் நக்சோஸ் என்றே பெயர் பெற்றுள்ளது. எனினும் தீவு மக்கள் இந்நகரைக் கோரா என அழைப்பர். ஆழம் குறைந்த மணற் கடற்கரைகளும் பழங்காலச் சின்னங்களும் உள்ளமையால், குழந்தைகளுடன் பயணம் செய்யும் குடும்பங்கள் விரும்பித் தெரிவு செய்யும் தீவுகளுள் இதுவும் ஒன்றாக விளங்குகின்றது.

புவியியல்

தீவின் நடுப்பகுதி மலைப்பாங்கானது. இங்குள்ள சாஸ் மலை 1,000 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம் கொண்டது. சிக்ளேட்ஸ் தீவுகளில் மிக உயர்ந்த சிகரம் இதுவாகும். மேற்குக் கரை சமவெளியாகவும் மணற்பாங்காகவும் உள்ளது. பெரும்பாலான கடற்கரை விடுதிகள் இப்பகுதியிலேயே அமைந்துள்ளன.

தொன்மமும் வரலாறும்

கிரேக்கத் தொன்மங்களின்படி ஜீயஸ் கடவுள் இத்தீவில் வளர்ந்தார். கிரீட் தீவின் இளவரசியான அரியாட்னியைத் தீசியஸ் கைவிட்டுச் சென்றதும், பின்னர் டயோனிசஸ் அவளை மணந்ததும் இங்கேயே என்பர்.

ஸ்டெலிடா குன்றில் நடைபெற்ற அகழாய்வின் முடிவுகள் 2019 இல் வெளியாயின. ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனித இனத்தவர் இங்கு வந்திருந்தனர் என அவை காட்டின. கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் லிக்டாமிஸ் என்னும் ஆட்சியாளர் தொடங்கிய கோயில் முற்றுப்பெறவில்லை. போர்ட்டாரா எனப்படும் அதன் பளிங்கு வாயில், துறைமுகத்தின் அருகே ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கின்றது. கி.மு. 490 இல் பாரசீகர் தீவைச் சூறையாடினர்.

1207 இல் வெனிசைச் சேர்ந்த மார்க்கோ சனுடோ தீவைக் கைப்பற்றி ஒரு சிற்றரசை நிறுவினார். 1566 இல் இது ஓட்டோமான் பேரரசின் கீழ் வந்தது. கிரேக்க விடுதலைப் போரின் பின்னர் புதிய கிரேக்க நாட்டின் பகுதியானது.

பொருளாதாரம்

பளிங்குக் கல், தேய்ப்புப் பொருளாகப் பயன்படும் எமெரிக் கல் ஆகியவை நெடுங்காலமாக இங்கு வெட்டியெடுக்கப்படுகின்றன. உருளைக்கிழங்கு, கிராவியேரா என்னும் பாலாடைக்கட்டி, கித்ரோன் என்னும் நாரத்தை இலை மதுபானம் ஆகியன தீவின் பெயர்பெற்ற உற்பத்திகள். இன்று சுற்றுலாவே முதன்மை வருவாயாக உள்ளது.

குடும்பச் சுற்றுலா

கடற்கரைகள்: அயியோஸ் யோர்யோஸ் கடற்கரை நகரிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. இங்கு கடல் நெடுந்தூரம் ஆழமின்றி இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு ஏற்றது. தெற்கே அயியோஸ் புரோகோபியோஸ், அயியா ஆனா, பிளாக்கா ஆகிய கடற்கரைகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. காற்று மிகுந்த மிக்ரி விக்லா, காற்றுப் பட்டச் சறுக்கில் ஈடுபடுவோருக்குரியது.

பிற இடங்கள்: அப்பொலோனாஸ் ஊரருகே, பழைய கல்லகழ்வு ஒன்றில் 10 மீட்டருக்கும் மேல் நீளமான முற்றுப்பெறாத சிலை படுத்த நிலையில் உள்ளது. ஆப்பிராந்தோஸ், ஹல்க்கி ஆகியவை பார்க்கத்தக்க மலையூர்கள்.

போக்குவரத்து: ஏதென்சை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்கள் ஏறத்தாழ 5 மணிநேரத்தில் தீவை அடைகின்றன. விரைவுப் படகுகள் இதனிலும் குறைந்த நேரமே எடுத்துக்கொள்ளும். ஆனால் அவை அலையில் கூடுதலாக ஆடுவதால், கடற்பயணக் குமட்டல் உள்ள குழந்தைகளுக்குப் பெரிய கப்பலே ஏற்றது. தீவின் வானூர்தி நிலையத்துக்கு ஏதென்சிலிருந்து சிறிய வானூர்திகள் வருகின்றன.

பருவம்: சூலை, ஆகத்து மாதங்களில் மெல்டெமி என்னும் வடகாற்று பல நாட்கள் தொடர்ந்து வீசக்கூடும். காற்று மிகும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படத் தடை விதிப்பர். இதனால், நாடு திரும்பும் வானூர்திக்கு ஒரு நாள் முன்னதாகவே ஏதென்சை அடையுமாறு பயணத்தை வகுத்துக்கொள்வது பாதுகாப்பானது. சூன், செப்டெம்பர் மாதங்களில் வெயிலும் கூட்டமும் குறைவு. செப்டெம்பரில் கடல்நீர் இளஞ்சூடாகவே இருக்கும்.

சிக்கல்கள்

தீவின் நன்னீர் பெரும்பாலும் மாரிக்கால மழையையே நம்பியுள்ளது. 2024 இல் மழை பொய்த்ததால் நீர்த்தேக்கங்கள் வற்றின. உழவர்களின் கிணறுகளில் கடல்நீர் புகுந்து உருளைக்கிழங்கு விளைச்சல் பாதிக்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டன. நீர் மிகக் குறைவாக உள்ள கோடையிலேயே பயணிகள் மிகுதியாக வருவது இச்சிக்கலை மேலும் கடினமாக்குகின்றது.

கடற்கரைகளைக் கட்டணச் சாய்விருக்கைகள் ஆக்கிரமிப்பதை எதிர்த்து, 2023 இல் அண்டைத் தீவான பாரோசில் தொடங்கிய மக்கள் இயக்கம் நக்சோசுக்கும் பரவியது. கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச் சொத்தாகும். இருக்கைக்குக் கட்டணம் செலுத்தாமல் மணலில் துண்டு விரித்து அமர எவருக்கும் உரிமை உண்டு.