வரும் பத்தாண்டின் விஞ்ஞானமும் ஆர்.கே.பேட்டைத் தறிகளும்

விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அடுத்த பத்தாண்டில் எதை எதைச் சாதிக்கும் என்று முன்கூட்டி உரைக்க முற்படும் அறிஞர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் நின்றுகொண்டே உரைக்கின்றனர். அங்கே ஒரு யந்திரம் ஓடக் கண்டதும், அது ஊர்தோறும் ஓடப்போகும் ஆண்டையும் ஏறக்குறைய நிச்சயித்துவிடுகின்றனர். யந்திரம் தோன்றும் காலம் வேறு, அது ஒரு சாமானிய உழைப்பாளியின் கூரைக்கடியில் நிலைபெறும் காலம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தின் நீளத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை கடனும் மின்சாரமும் சட்டமும் சந்தையும் என்பதும், ஆகவே கணிப்பைத் தறிக்கூடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை நான் இதற்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று தொடரும் இந்நெசவூர்களில் ஒருவன் ஒரு நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாற்றை நடந்தே பார்த்துவிடலாம். கைத்தறியின் மிதிச் சத்தம் அறிந்த தலைமுறையும் விசைத்தறியின் இரைச்சலிலேயே பிறந்த தலைமுறையும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. இங்கிருந்து வடகிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஒரே நிலப்பரப்பில் இத்தகைய இரு காலங்கள் அருகருகே வாழ்வதை ஏதோ முரண்பாடு என்று வியந்து விட்டுவிடுவது எளிது. அதற்குக் காரணம் காண்பதே நம் பொறுப்பு.

முதலில், நம் நாட்டிலேயே செய்யப்பட்டுக் காலத்தால் பரீட்சிக்கப்பட்ட கணிப்புகளைப் பார்ப்போம். 1955 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டிற்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, அணுக்கருப் பிணைவிலிருந்து கட்டுப்பாட்டுடன் சக்தி பெறும் வழி இருபதாண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று எதிர்பார்த்தார். எழுபதாண்டுகள் கடந்த பின்பும் அச்சக்தி எந்த ஊரின் விளக்கையும் ஏற்றவில்லை. அதைவிடப் போதனை மிக்கது விக்ரம் சாராபாய் 1970-ல் வகுத்த பத்தாண்டுத் திட்டம். ஒரே அறிக்கையில் அணுசக்திக்கும் விண்வெளிக்கும் இலக்குகள் குறிக்கப்பட்டன. 1980-க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்பது ஒன்று. சிறிய செயற்கைக் கோளை நம் சொந்த ராக்கெட்டால் ஏவுவது மற்றொன்று. இரண்டாவது, 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணியைச் சுமந்து ஏறியபோது, அப்பத்தாண்டின் முடிவை ஒட்டி நிறைவேறியது. முதலாவதோ அந்தப் பத்தாண்டின் முடிவில் இலக்கின் கால்பங்கை ஒட்டியே நின்றது. கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியில்தான் வணிக உற்பத்தியைத் தொடங்கிற்று.

ஒரே மனிதரின் அறிவும் ஒரே சர்க்காரின் ஆதரவும் இரண்டிற்கும் இருந்தும் பலன் ஏன் பிளவுபட்டது? 1974-ஆம் ஆண்டின் பொக்ரான் பரிசோதனைக்குப் பின் கனடாவின் ஒத்துழைப்பு நின்றது என்பது யாவரும் சொல்லும் காரணம், அது உண்மையே. அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. சிறு ராக்கெட் ஒன்றைச் செய்து ஏவ ஒரே நிறுவனத்தின் கைகள் போதும். மின்நிலையம் கட்டுவதற்கோ கனநீர், கனரகத் தொழிற்சாலைகள், மின்வாரியங்களின் கொள்முதல், அயல்நாட்டு ஒப்பந்தம் என்று பல கைகள் ஒரே காலத்தில் இசைய வேண்டும். எத்தனை கைகள் இசைய வேண்டுமோ அந்த அளவிற்குக் காலம் நீளும் என்பதை ஓர் அளவுகோலாக நாம் வைத்துக்கொள்ளலாம். 2010-ல் இயங்கும் என்று கருதப்பட்ட கல்பாக்கத்து வேகப்பெருக்கி உலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கப்பட்டதையும் இவ்வளவுகோலால் அளந்தால் வியப்பிற்கு இடமில்லை.

இனி, தறிக்கு வருவோம். நெசவைப் பற்றிச் சுதந்திர இந்தியாவில் செய்யப்பட்ட கணிப்புகளுள் மிகத் துணிவானது நித்தியானந்த கனுங்கோ தலைமையில் 1952-ல் அமைக்கப்பட்ட ஜவுளி விசாரணைக் குழுவினுடையது. 1954-ல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, கைத்தறிகளைப் பதினைந்து இருபது ஆண்டுகளில் படிப்படியாக விசைத்தறிகளாகவும் மேம்பட்ட தறிகளாகவும் மாற்றிவிடலாம் என்று கருதியது. விசேஷ நுட்பம் வேண்டிய வகைகளுக்கு மட்டும் சொற்பமான கைத்தறிகள் எஞ்சும். அடுத்த ஆண்டே, சிறுதொழில்களை ஆராய்ந்த கார்வே குழு வேலைவாய்ப்பை முன்னிறுத்தி இதற்கு எதிர்திசையில் பேசியது. சர்க்கார் இரண்டாவது வழியையே தழுவி, 1956-க்குப் பின் ஆலைகள் தறிகளைப் பெருக்குவதைத் தடுத்தது. ஆலையைக் கட்டிவைத்தால் கைத்தறி பிழைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை.

நிகழ்ந்ததோ இரு குழுக்களும் எண்ணாத ஒன்று. கட்டுப்படுத்தப்பட்ட ஆலைக்கும் காக்கப்பட்ட கைத்தறிக்கும் இடையே திறந்து கிடந்த வெளியில், வரிச்சலுகையையும் குறைந்த கூலியையும் துணைக்கொண்டு, ஆலைகள் கழித்த பழைய தறிகளையும் அவற்றைப் பார்த்துச் செய்த மலிவான தறிகளையும் வாங்கி, சிறு முதலாளிகள் வீட்டோடு சேர்ந்த கொட்டகைகளில் விசைத்தறியைப் பெருக்கினர். 1950-களின் தொடக்கத்தில் தேசம் முழுவதிலும் சில பதினாயிரமாக இருந்த விசைத்தறிகள் பின்னர் இருபது லட்சத்தையும் கடந்தன. நாட்டின் துணியில் பாதிக்கும் மேல் அவற்றிலேயே நெய்யப்பட்டது. ஒரு விசைத்தறி ஆறு கைத்தறிகளின் வேலையைப் பறிக்கிறது என்று 1974-ல் சிவராமன் குழு மதிப்பிட்டது. கனுங்கோ குழு யந்திரத்தைச் சரியாகவே கண்டது. அது எந்தக் கதவு வழியாக, யாருடைய செலவில், யாருக்கு நஷ்டத்தில் வரும் என்பதைக் காணவில்லை. குழு எண்ணிய மாற்றத்தில் நெசவாளியே தன் கைத்தறிக்குப் பதிலாக விசைத்தறியின் உடைமையாளன் ஆகியிருப்பான். நடந்த மாற்றத்தில் பெரும்பாலோர் பிறருடைய தறியில் கூலிக்கு நிற்பவராயினர். இந்த வேறுபாட்டையே நான் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகக் கருதுகிறேன்.

சட்டத்தின் காலமும் தனிக் காலம். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் 1985-ல் இயற்றப்பட்டது. அதன் செல்லுபடியை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1993-ல். முதலில் இருபத்திரண்டாக இருந்த வகைகள் 1996-ல் பதினொன்றாகக் குறைந்தன. நீதிமன்றத்தில் வழக்கு நடந்த அத்தனை ஆண்டுகளும் விசைத்தறி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைத்தறிக் கணக்கெடுப்புகள் காட்டும் தொழிலாளர் தொகை 2009-10-ல் சுமார் 43 லட்சம். 2019-20-ல் சுமார் 35 லட்சம். அழியும் என்ற கணிப்பிற்கு எழுபதாண்டு தாண்டியும் கைத்தறி அழியவில்லை. காக்கப்படும் என்ற வாக்குறுதியையும் அது நம்பியிருக்க முடியவில்லை.

இன்னும் பின்னோக்கினால், ஜான் கே 1733-ல் இங்கிலாந்தில் கண்ட விசை நாடா சென்னை ராஜதானியின் நெசவாளரிடையே பரவலானது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் அமைத்து அதைப் பழக்க முயன்றபோது, மேற்பார்வையின் கீழ் மணி அடித்து வேலை செய்யும் கூடத்தை நெசவாளர் விரும்பவில்லை. நாடாவை மட்டும் தங்கள் வீட்டுத் தறிக்கு எடுத்துக்கொண்டனர். தம் சுதந்திரத்தைக் கெடுக்காத நுட்பத்தை அவர்கள் தாமே தேடி ஏற்றனர் என்பது, நெசவாளி பழமையில் ஊறியவன் என்று இன்றும் அலுவலகங்களில் வழங்கிவரும் அபிப்பிராயத்தை முற்றாக மறுக்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எல்லா நுட்பமும் இவ்வளவு தாமதிக்கவில்லையே. 1995-ல் இந்தியாவில் முதன்முதலாக ஒலித்த கைப்பேசி இன்று யாரிடம் இல்லை? 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் பத்தாண்டிற்குள் பூக்கடைக்கும் தேநீர்க் கடைக்கும் வந்துவிடவில்லையா? வந்தது, ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் அவற்றின் பெருஞ்செலவாகிய கோபுரங்களையும் கணினிகளையும் நிறுவனங்களே தாங்கின; பயன்படுத்துவோன் செலவிட்டது சிறுதொகை; அவனுடைய ஜீவனத்தை அவை உடனடியாகப் பறிக்கவும் இல்லை. சூரிய மின்தகடுகளின் விஷயத்தில் நிபுணர்களின் கணிப்பு மறுபக்கமாகப் பொய்த்தது: 2010 முதல் பத்தாண்டில் அவற்றின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் வீழ்ந்தது, சர்வதேச எரிசக்தி முகமையின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சூரிய மின்சாரத்தின் வளர்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டன. தொழிற்சாலையில் ஒரே அச்சில் கோடிக்கணக்கில் செய்யப்படுவது எதிர்பார்த்ததைவிட விரைவாக மலிகிறது; சிறு உடைமையாளன் கடன்பட்டு நிறுவி, பழுதுபார்த்து, ஓட்டிப் பிழைக்க வேண்டியது எதிர்பார்த்ததைவிட மெதுவாக வருகிறது. ஆட்சேபம் நம் அளவுகோலைத் தகர்க்கவில்லை. அதற்கு மறுபாதியைக் கொடுத்துவிட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு வரும் பத்தாண்டைப் பார்ப்போம். நாடா இல்லாத தறிகள் புதியவை அல்ல. ரேப்பியர் தறி நிமிடத்திற்கு நானூறு ஐந்நூறு ஊடை இழைகளைச் செலுத்தும். காற்றுவிசைத் தறி அதையும் கடக்கும். நம் ஊர்களில் ஓடும் சாதாரண விசைத்தறியோ நூற்றுச்சொச்சம். மத்திய சர்க்காரின் பவர்டெக்ஸ் திட்டம் 2017-ல் சாதாரண விசைத்தறியை இருந்த இடத்திலேயே மேம்படுத்த உதவி அறிவித்தது. இருந்தும், ஆர்.கே.பேட்டையில் நான்கைந்து பழந்தறிகளைக் கொட்டகையில் வைத்து, நூலையும் பாவையும் மொத்த வியாபாரியிடம் பெற்று, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஓட்டும் ஒருவர், அத்தறிகளை விற்ற இரும்பு விலையைக் கொண்டு ஒரு ரேப்பியர் தறிக்கு முன்பணம் கட்டவும் இயலாது. ஆதலால் பத்தாண்டிற்குள் இங்கே பழைய தறி முற்றும் மறையும் என்று நான் நம்பவில்லை. பெரிய முதல் படைத்தோர் கரூர், ஈரோடு, பல்லடம் போன்ற இடங்களில் புதிய தறிகளைக் கூட்டக் கூட்ட, அதே துணிக்கு இங்கே கிடைக்கும் கூலி இறங்கும் என்பதே அஞ்சத்தக்கது. தறி மாறாமலே தறியின் விளைவு வந்து சேரும்; இதைக் கணிப்பாளர் எவரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

சூரிய மின்சாரம் விரைவில் வரக்கூடியவற்றுள் சேரும். தமிழக சர்க்கார் 2023-ல் விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1,000 யூனிட்டாகவும் கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் இலவச மின்சாரத்தை உயர்த்தியது. அந்த வரம்பிற்கு மேல் ஓடும் தறிக்கே கூரைத் தகடு லாபம் தரும். ஆகவே கூரை மீது தகடு ஏறும் வேகத்தை நிர்ணயிப்பது சிலிக்கனின் விலையைவிடக் கட்டண விதிகளே ஆகும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று பேசப்படுவதில் மிகை உண்டு, முற்றும் மிகையன்று. 2024 மார்ச்சில் மத்திய மந்திரி சபை பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் அதற்கென ஓர் இயக்கத்தை அங்கீகரித்தது. நெய்த துணியில் இழை அறுந்த இடத்தைக் காமிராவால் கண்டுபிடிப்பதும், கட்டம் போட்ட கைலிக்கு நூறு வர்ணச் சேர்க்கைகளை நொடியில் வரைந்து காட்டுவதும் இப்போதே சாத்தியம். பாவு ஓட்டுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், தார் மாற்றுவதும் கைவேலையாகவே இன்னும் நெடுநாள் இருக்கும். எனவே இவ்வட்டாரத்தில் முதலில் அசையப்போவது உழைப்பாளியின் விரல் அன்று. டிசைன் போடுபவரின் மேஜையே. ஒரு புதிய கரை அமைப்பு நாலு நாளில் நாலு ஊரில் நகலெடுக்கப்படும்போது, அதை முதலில் சிந்தித்தவருக்கு என்ன பாதுகாப்பு? 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் காஞ்சிபுரத்துப் பட்டு போன்ற பேர்பெற்ற மரபுகளுக்கு உதவுவது. பேரில்லாத ஊர்களின் நுட்பத்தை அது தீண்டாது.

ஜான் மேனார்ட் கீன்ஸ் 1930-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், நூறாண்டிற்குள் மனிதன் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரமே உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என எதிர்பார்த்தார். அந்த நூறாண்டு நாம் பேசும் பத்தாண்டிலேயே, 2030-ல், முடிகிறது. உற்பத்தியின் பெருக்கத்தை அவர் பெரிதும் சரியாகவே கண்டார். விசைத்தறித் தொழிலிலோ பன்னிரண்டு மணி நேர முறை இன்றும் பரவலாக இருக்கிறது. தறியின் வேகம் கூடியபோதெல்லாம் மீந்த நேரம் தறியை ஓட்டியவனிடம் போய்ச் சேரவில்லை. கனுங்கோ குழுவின் பிழையும் கீன்ஸின் பிழையும் ஒரே இடத்தில் வேர் விட்டவை: உடைமை யாருடையது என்ற கேள்வியை இருவரும் கணக்கிற்கு வெளியே வைத்தனர்.

இவ்வாதத்தைச் சோதிக்க இவ்வட்டாரமே அரிய வாய்ப்பைத் தருகிறது. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது; அருகிலுள்ள நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே தங்கின. அங்கும் விசைத்தறியே ஜீவனம். தமிழும் தெலுங்கும் இரு பக்கத்திலும் வழங்குகின்றன. உறவு முறைகள் எல்லையைத் தாண்டி நிற்கின்றன. தறியும் பழக்கமும் ஒன்றாயிருக்க, மின்கட்டணமும் கூட்டுறவு விதியும் கடனும் மட்டும் அறுபதாண்டுகளுக்கு மேலாக வேறாகியிருப்பது, பொருளாதார ஆராய்ச்சிக்குத் தானே அமைந்த ஒரு பரிசோதனை. நகரியிலும் ஆர்.கே.பேட்டையிலும் ஒவ்வொரு கொட்டகைக்கும் சென்று, தறி எந்த ஆண்டு வாங்கப்பட்டது, புதிதா பழையதா, கடன் எவரிடம், வட்டி என்ன, ஓட்டுபவர் உடைமையாளரா கூலியா, இரு மாதத்திற்கு எத்தனை யூனிட், பழுதுபார்க்கும் மெக்கானிக் எங்கிருந்து வருகிறார் என்ற ஏழு கேள்விகளை நம் பல்கலைக்கழகங்களின் பொருளாதாரத் துறைகள் இப்போதே கேட்டுப் பதிவுசெய்து, ஐந்தாண்டு கழித்து அதே கொட்டகைகளில் மீண்டும் கேட்க வேண்டும். அப்பதிவு கைக்கு வரும்வரை, 2035-ல் எந்தத் தறி ஓடும் என்பதைப் பற்றி எந்த நிபுணர் குழு எழுதும் அறிக்கையையும் 1954-ஆம் ஆண்டின் அறிக்கைக்கு அருகில் வைத்தே நான் படிப்பேன்.