லயத்தில் பிறந்த பாட்டும் சி. வி. வேலுப்பிள்ளையும்

எழுத்தாளர்கள் ஊர்ச் சந்தடியை விட்டு ஒதுங்கி, ஓரிடத்தில் கூடித் தங்கி, ஒருவர் ஆக்கத்தை மற்றவர் கேட்டு வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1901ஆம் ஆண்டில் தாகூர் சாந்திநிகேதனத்தில் நிறுவிய பள்ளி, நாளடைவில் கவிஞரும் ஓவியரும் இசைவாணரும் கூடும் நிலையமாக மலர்ந்தது. இலங்கையின் மலைநாட்டிலே, தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களில், வெள்ளைக்காரத் துரைமார் எழுப்பியவை பங்களாவும் தொழிற்சாலையும் லயமுமே. ஆயினும் அந்த லயத்து வாசலிலும் கொழுந்து மலையிலும் ஒரு பெருங் கவிதை கூட்டாக இயற்றப்பட்டது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.

கோப்பிக் காலத்திலே தொடங்கியது அக்கவிதை. திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து மலையேறிய மக்கள், தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் தெம்மாங்கையும் உடன் கொண்டு வந்தனர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை மலைகளைப் பற்றிக்கொண்டது. பயிர் மாறியது போலவே பாட்டும் மாறியது. நாற்றும் ஏரும் இருந்த இடத்தில் கூடையும் கொழுந்தும் வந்தன. பண்ணையார் நின்ற இடத்தில் கங்காணி வந்து நின்றார்.

ஒருத்தி ஓர் அடியைத் தொடங்குவாள்; அடுத்த நிரையில் நிற்பவள் மறு அடியைத் தொடுப்பாள். மறுநாள் வேறொரு மலையில் அதே பாட்டு தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு ஒலிக்கும். இதனை வெறும் பொழுதுபோக்கென்று கொள்வது தவறு. துண்டு முறை நடைமுறையில் இருந்த காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழிலாளியின் கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்க ஒருவர் முன்வந்தாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போதல் அரிது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டம் அதனை நீக்கியது. இத்தகைய வாழ்வில் கங்காணியை எள்ளி ஒருவன் தனித்துப் பாடினால் அவன் பாடு என்னவாகும்? பலர் சேர்ந்து பாடியபோது பாட்டுக்குப் பொறுப்பாளி எவரும் இல்லை. கூட்டுப் படைப்பு அங்கே கலை மட்டுமன்று, காப்பும் ஆயிற்று.

வட்டகொடையை அடுத்த மடகும்புரத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் பிறந்தது கங்காணிக் குடும்பம். ஆகவே அந்தப் பாடல்களில் ஏளனத்துக்கு ஆளானவர் அவருடைய முன்னோரின் வகுப்பினரே. அவற்றை அவர் தேடித் தொகுத்தார் என்பதிலேதான் அவருடைய பெருமை இருக்கிறது. துரைக்கும் கங்காணிக்கும் தொழிலாளி நன்றியுடையவனாக இருத்தல் வேண்டும் என்பதே தோட்டத்தின் எழுதாச் சட்டம். செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், கடன்பட்டவன் யார், கடன் கொடுத்தவன் யார் என்று மயங்க இடம் வைக்கவில்லை. மலைநாட்டில் அந்தக் கணக்கு தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தி எழுதியவர்களுள் சி. வி. ஒருவர்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவருக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலோரை வாக்கற்றவராக்கின. மன்றத்தில் குரல் இழந்த மக்களுக்குப் பாட்டுக் குரலே எஞ்சியது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் யாத்த நெடுங்கவிதையைச் சக்தீ பாலையா தமிழில் ஆக்கினார். அம்மக்களின் துயரமே ஆங்கிலம் சென்று, இன்னொரு கவிஞரின் கைவழியே தமிழுக்குத் திரும்பியது எனலாம்.

அச்சிலிருந்து லயத்துக்குச் சென்ற பாட்டும் உண்டு. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமையைக் கூறும் பாடல்களை 1940ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார், கூட்டங்களிலும் பாடினார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பண்பு இது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அந்தக் கூட்டுக் குரலையே பிரித்தது. சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட அவ்வேற்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என விடப்பட்டது. ஓரடி பாடியவள் நீலகிரிக்குப் போக, மறு அடி அறிந்தவள் தலவாக்கலையிலேயே தங்க நேர்ந்தது. எண்ணிக்கையைப் பங்கிட்டவர்கள் பாட்டை எவ்வாறு பங்கிடுவது என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

சி. வி. 1984ஆம் ஆண்டில் காலமானார். அவர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1987ஆம் ஆண்டில் சென்னையில் அச்சேறியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்ட மெட்டுகள், கொழுந்தும் கூடையும் கங்காணியும் ஏறிய சொற்களோடு, அந்தத் தமிழகத்துக்கே புத்தகமாகப் போய்ச் சேர்ந்தன.